பல்லைப் பிடித்துப் பார்க்காத படகு

மாட்டுச் சந்தையில் யாரும் கூச்சப்படுவதில்லை. வாங்க வந்தவர் காளையின் வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறார். சுழி பார்க்கிறார். திமிலைத் தடவி, வாலை முறுக்கி, நாலு தப்படி நடக்க விடுகிறார். சந்தேகம் தீராவிட்டால் வண்டியில் பூட்டி ஓட்டியும் பார்க்கிறார். அதற்குப் பிறகுதான் துண்டுக்கடியில் கைகள் நுழைந்து விரல்கள் விலை பேசுகின்றன. விற்கிறவர் இதை அவமானமாக எடுத்துக்கொள்வதில்லை. எதையும் பார்க்காமல் பணத்தை நீட்டுகிறவரைத்தான் சந்தை ஒரு மாதிரி பார்க்கும்.

பழைய ஸ்கூட்டருக்கும் இதே மரியாதை உண்டு. தெருமுனை வரை ஓட்டிப் பார்க்காமல் அதை யாரும் வாங்குவதில்லை. ஆனால் பழைய படகு கைமாறும்போது மட்டும் காட்சி மாறிவிடுகிறது. படகு மணலில் கவிழ்ந்தோ, கயிற்றில் கட்டுண்டோ கிடக்கிறது. வாங்குபவர் அதை ஒருமுறை சுற்றி வருகிறார், பெயின்ட்டைத் தட்டிப் பார்க்கிறார், என்ஜினை ஓடவிட்டுச் சத்தம் கேட்கிறார். டீ வருகிறது. அச்சாரம் கைமாறுகிறது. பிறகு தேங்காய் உடைத்துக் கடலில் இறக்குகிறார்கள். சோதனை ஓட்டம் நடக்காமல் இல்லை. பணம் கொடுத்த பிறகு, வலையும் ஆட்களும் ஏறிய பிறகு, முதல் தொழில் நாளில் நடக்கிறது.

அந்தமானில் குட்வில் எஸ்டேட் என்று ஓர் ஊர் இருக்கிறது. குட்வில் என்றால் நல்லெண்ணம். கடை வியாபாரத்தில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. சரக்குக்கு மேல், இடத்துக்கு மேல், கடையின் பெயருக்கென்று கொடுக்கும் பணமும் குட்வில்தான். அந்த ஊரில் ஒருவர் பழைய ஃபைபர் படகு ஒன்றை வாங்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். தீவுகளில் தமிழர்கள் ஏராளம். விற்கிறவரும் தமிழராக இருந்துவிட்டால் பேச்சு எந்த மாவட்டம், எந்த ஊர் என்று தொடங்கி அண்ணன் தம்பி உறவில் முடிந்துவிடும். 'நம்ம படகுண்ணே, பத்து வருஷம் சோறு போட்டிருக்கு. நீங்க வேற எதுக்கு ஓட்டிப் பாக்கணும்ங்கறீங்க?' என்று கேட்டால் வாங்குபவரால் மேலே பேச முடிவதில்லை. படகோடு சேர்த்து அந்த அண்ணன் தம்பி உறவுக்கும் அவர் விலை கொடுத்துவிடுகிறார். மனிதர்களுக்கிடையே நல்லெண்ணம் இருக்க வேண்டியதுதான். ஆனால் ஃபைபரில் விழுந்த விரிசலுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

இந்தக் கூச்சத்துக்குப் பின்னால் ஒரு பழைய நியாயமும் இருக்கிறது. சோழமண்டலக் கரையில் பல தலைமுறைகளாகத் தொழில் நடந்தது கட்டுமரத்தில். கடலிலிருந்து திரும்பியதும் கயிற்றை அவிழ்ப்பார்கள். மரங்கள் தனித்தனியாக மணலில் காயும். மறுபடி கட்டும்போது ஒவ்வொரு மரமும் கையில் தூக்கிப் பார்க்கப்படும். நீர் குடித்த மரம் கனத்தாலேயே காட்டிக்கொடுக்கும். மூழ்குவதற்கு அதில் உள்கூடு என்று ஒன்றும் கிடையாது. தொழிலுக்குப் போகிற ஒவ்வொரு நாளும் பரிசோதனை நாள். அந்தத் தொழில்முறையில் வளர்ந்த கைக்கும் கண்ணுக்கும் தனியாக ஒரு சோதனை ஓட்டம் தேவைப்படவில்லை.

ஃபைபர் படகின் குணம் இதற்கு நேர்மாறானது. கண்ணாடி இழைப் பாய்களை அச்சின் மேல் அடுக்கடுக்காக விரித்து, ஒவ்வொன்றிலும் ரெசின் பூசி இறுகவிட்டால் படகு கிடைக்கிறது. வெளியே தெரிவதெல்லாம் வழவழப்பான மேல்பூச்சு மட்டும். உள்ளே எத்தனை அடுக்கு, ரெசின் எல்லா இழையையும் நனைத்ததா, அடுக்குகளுக்கிடையே காற்றுக் குமிழ் இருக்கிறதா, போதிய நேரம் இறுகவிட்டார்களா என்பதெல்லாம் செய்தவருக்குத்தான் தெரியும். கெட்டுப்போன மரம் கறுக்கும், நாறும், உளுக்கும். கெட்டுப்போன ஃபைபர் ஒரு கோட் பெயின்ட்டுக்குக் கீழே புதுமாப்பிள்ளை மாதிரி நிற்கும்.

இதற்கு என்ன விலை கொடுக்க நேரும் என்பதைத் தமிழகக் கரை ஒருமுறை பார்த்திருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கரையோரம் முழுக்கப் படகுகள் உடைந்தன. உலகமே இரங்கியது, பணம் குவிந்தது. கரைக்கு வந்த தொண்டு நிறுவனங்களின் கண்ணில் முதலில் பட்டது உடைந்த படகுகள்தான். படகு கொடுத்தால் பிழைப்பு திரும்பும் என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கில் தவறில்லை. ஆனால் அத்தனை படகுகளை அத்தனை அவசரமாகச் செய்ய இருந்த பட்டறைகள் போதவில்லை. மழைக்கு முளைத்த காளான் மாதிரி புதுப் பட்டறைகள் கிளம்பின. நன்றாகச் செய்தவர்களும் இருந்தார்கள். இழையைக் குறைத்து, இறுகும் நேரத்தைக் குறைத்து, எண்ணிக்கையை மட்டும் கூட்டியவர்களும் இருந்தார்கள். தரக்குறைவான படகுகள் கரைக்கு வருகின்றன என்று ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு அப்போதே எச்சரித்தது. தமிழகத்தில் மட்டுமல்ல, இலங்கையிலும் இந்தோனேசியாவின் ஆச்சேயிலும் இதே கதைதான்.

பணம் கொடுத்தவர்கள் எல்லோரும் கெட்டவர்களில்லை. வாங்கியவர்கள் ஏமாளிகளும் இல்லை. பணத்தைக் கொடுத்தவர் ஓர் ஆள், படகில் ஏறிக் கடலுக்குப் போக வேண்டியவர் வேறோர் ஆள் என்பதுதான் சிக்கல். கொடுத்தவருக்குப் படகு தெரியாது. படகு தெரிந்தவருக்கோ கேள்வி கேட்கும் உரிமை இல்லை. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்று பழமொழியே வாயை அடைத்துவிடும். மாலை போட்டு, ரிப்பன் வெட்டி, புகைப்படம் எடுத்துக் கொடுக்கப்பட்ட படகிடம் போய், 'இதை ஒரு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்கிக்கொள்கிறேன்' என்று எந்த மீனவர் சொல்வார்? ஆகவே பழமொழிக்கு ஒரு விதிவிலக்கு எழுதிக்கொள்வது நல்லது: தானமாக வந்தாலும் படகு என்றால் பல்லைப் பிடித்துத்தான் பார்க்க வேண்டும். பிடிக்க வேண்டியவர் அதில் ஏறப்போகிறவர்.

குட்வில் எஸ்டேட்காரருக்கு அந்தத் தொல்லை இல்லை. பணமும் அவருடையது, ஏறப்போகிறவரும் அவர். கேட்கும் உரிமை முழுதாக இருக்கிறது. எப்படிக் கேட்பது, எந்த நாளில் கேட்பது என்பதுதான் பாக்கி.

நாள் குறிக்கப் பஞ்சாங்கமே போதும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் கடல் அதிகமாக ஏறி அதிகமாக வற்றும். தெற்கு அந்தமானில் அந்த நாட்களின் ஏற்றவற்றம் ஏறக்குறைய இரண்டு மீட்டர். கிரேன் தேவையில்லை. ஏற்றத்தில் படகைக் கரையோரம் கொண்டுவந்து நிறுத்தினால், நீர் வற்றும்போது அடிப்பாகம் தானாக வெளியே வந்துவிடும். அடுத்த ஏற்றம் வரை கிடைக்கிற சில மணி நேரம் பரிசோதனைக்கு. ஏற்றம் வந்து படகு மிதந்ததும் ஓட்டத்துக்கு. கடல் கொடுக்கிற இந்த இலவசப் பட்டறையை விட்டுவிட்டு, தண்ணீரில் மிதக்கிற படகைப் பார்த்து விலை பேசுவது, பொட்டலத்தைப் பிரிக்காமல் எடை போடுவது போலத்தான்.

அந்த நாளுக்கு முன்பே நாலு விஷயம் பேசித் தீர்த்திருக்க வேண்டும். எரிபொருள் யார் செலவு? ஓட்டத்தின்போது ஏதாவது உடைந்தால் யார் பொறுப்பு? யார் ஓட்டுவது? அச்சாரம் கொடுத்திருந்தால், சோதனை திருப்தியில்லாதபோது அது திரும்புமா? கடைசிக் கேள்விக்குப் பதில் ஒரு தாளில் இரண்டு வரியாக இருப்பது நல்லது. வாய்ச்சொல்லில் கொடுத்த அச்சாரம் திரும்பி வருவதற்குள் அண்ணன் தம்பி உறவு அறுந்துவிடும். முக்கியமான நிபந்தனை இன்னொன்று உண்டு. வாங்குபவர் வந்து சேரும் வரை என்ஜினை யாரும் ஓட விடக்கூடாது.

தாள்களைக் கரையிலேயே பார்த்துவிட வேண்டும். பதிவு யார் பெயரில் இருக்கிறது, பக்கவாட்டில் எழுதியிருக்கும் எண்ணும் பதிவில் உள்ள எண்ணும் ஒன்றா, என்ஜினில் பொறித்த எண் ரசீதில் இருக்கிறதா, வங்கிக் கடன் தீர்ந்ததற்குச் சான்று உண்டா. மீன்பிடிப் படகு என்றால் மீன்வளத் துறையின் பதிவும் உரிமமும் எது வரை செல்லும் என்று கேட்க வேண்டும். அழகான படகை வாங்கிவிட்டு அதன் கடனையும் சேர்த்து வாங்கியவர்கள் எல்லாக் கரையிலும் உண்டு.

பிறகு அடிவயிறு. ஃபைபர் படகுக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு ரூபாய் நாணயமும் பொறுமையும் இருந்தால் போதும். நாணயத்தின் விளிம்பால் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை சாணுக்குச் சாண் தட்டிக்கொண்டே போக வேண்டும். உறுதியான இடம் 'டக், டக்' என்று தெளிவாகப் பேசும். அடுக்குகள் பிரிந்த இடமும் நீர் குடித்த இடமும் 'தொப், தொப்' என்று மங்கும். தேங்காய் தட்டி வாங்கத் தெரிந்தவருக்கு இது புது வித்தை இல்லை. சத்தம் மாறுகிற இடத்தில் சாக்பீஸால் வட்டம் போடலாம். தட்டி முடிந்ததும் எத்தனை வட்டம் என்று விற்பவரும் சேர்ந்தே எண்ணலாம். மேல்பூச்சில் அம்மைக் கொப்புளம் மாதிரி இருந்தால் நீர் உள்ளே இறங்கியிருக்கலாம். ஒரு புள்ளியிலிருந்து நட்சத்திரம் போலக் கிளம்பும் விரிசல் அங்கே எப்போதோ பலமான அடி விழுந்ததைச் சொல்லும். ஒரே ஒரு இடத்தில் மட்டும் புதுப் பெயின்ட் மின்னினால், அந்த இடத்தைப் பற்றித்தான் முதலில் கேட்க வேண்டும்.

வெளியே என்ஜின் மாட்டுகிற படகில் அடுத்துப் பார்க்க வேண்டியது பின்பலகை. மொத்த உந்துவிசையையும் தாங்குவது அதுதான். பல படகுகளில் ஃபைபருக்கு உள்ளே இருப்பது பிளைவுட். போல்ட் துளை வழியே நீர் கசிந்து அந்தப் பலகை உள்ளுக்குள்ளேயே ஊறி அவலாகிப்போயிருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. என்ஜினின் அடித்தண்டைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் என்ஜின் மட்டும் அசைய வேண்டும். பலகையும் சேர்ந்து மூச்சு விட்டால் விலைப் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

ஃபைபர் வேண்டாம், மரம் போதும் என்பவருக்கு அந்தமானில் டுங்கி உண்டு. உள்ளே டீசல் என்ஜின் வைத்த மரப்படகு. 1925-இல் பர்மாவிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்தப்பட்ட கரென் மக்கள் மாயாபந்தர் பக்கம் இத்தகைய படகுகளைச் செய்வதில் பெயர் பெற்றவர்கள். மரத்துக்கு நாணயம் உதவாது, பேனாக்கத்தி வேண்டும். அடிக்கட்டையை ஒட்டிய பலகையில் கத்திமுனை வெண்ணெயில் போவதுபோல் இறங்கினால் அழுகல். குண்டூசித் துளைகள் தெரிந்தால் கப்பல் புழு. வெளியே ஊசித்துளை, உள்ளே சுரங்கப்பாதை என்பது அதன் கட்டடக் கலை.

என்ஜின் பக்கம் வரும்போது முதலில் செய்ய வேண்டியது கையை வைத்துப் பார்ப்பது. சூடாக இருந்தால் யாரோ முன்பே ஓட விட்டிருக்கிறார்கள். ஆறிக்கிடக்கும் என்ஜின் எத்தனை இழுப்பில் கிளம்புகிறது என்பதில் அதன் வயது தெரியும். சூடான என்ஜின் எல்லாமே இளமையாகத்தான் இருக்கும். நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது. கறுப்புப் புகை என்றால் எரிபொருள் சரியாக எரியவில்லை, அல்லது என்ஜின் தாங்காத சுமை இழுக்கிறது. விடாமல் வரும் வெள்ளைப் புகைக்கு நீர் உள்ளே போவதும் ஒரு காரணமாக இருக்கலாம். வெளி என்ஜினில் குளிர்விக்கும் நீர் சிறு தாரையாக வெளியே பீய்ச்ச வேண்டும். கியர் எண்ணெய் பால் கலந்த டீ நிறத்தில் வந்தால் உள்ளே கடல்நீர் கலந்திருக்கிறது. தீவில் இதையெல்லாம் முன்கூட்டியே பார்ப்பதற்குத் தனிக் காரணம் உண்டு. சென்னையிலிருந்து கப்பலில் ஏறினால் தீவுக்கு வந்துசேர ஏறக்குறைய மூன்று நாள். அங்கிருந்து வர வேண்டிய உதிரி பாகத்துக்கும் அதே கடல்தான் வழி. நடுக்கடலில் என்ஜின் நின்றால் அதன் பிறகு பயணத்தின் திசையை நீரோட்டம் முடிவு செய்யும்.

ஏற்றம் வந்து படகு மிதந்ததும் ஓட்டம். இங்கே பெரும்பாலானவர்கள் செய்யும் காரியம், காலிப் படகில் இரண்டு பேர் ஏறி, அமைதியான நீரில் ஒரு வட்டம் அடித்து, 'பறக்குதுப்பா' என்று இறங்குவது. காலிப் படகு பறக்கத்தான் செய்யும். விலைப் பேச்சு நடக்கும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை அந்தமான் கடல் பெரும்பாலும் சாதுவாக இருக்கும். மே மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று வந்ததும்தான் அதன் சொந்த முகம் தெரியும். சாதுவான மாதத்தில் வாங்குபவர், காற்று எழுந்த ஒரு பிற்பகலைக் காத்திருந்து பிடிப்பது நல்லது. கடலைக் கற்ற ஓர் ஓட்டுநரும், எண்ணிக்கைக்குத் தக்க உயிர்காப்பு உடுப்புகளும், கரையில் விஷயம் தெரிந்த ஓர் ஆளும் இருக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

சுமை ஏற்ற மணல் மூட்டை சிறந்தது. உருளாமல் கட்டிவைத்தால் ஐஸும் வலையும் மீனும் சேர்ந்த எடையைக் காட்டிவிடும். அரைகுறையாக நிரப்பிய தண்ணீர் டிரம் ஆபத்து. உள்ளே நீர் அலைந்தால் படகும் சேர்ந்து அலையும். சுமையோடு மெதுவாக, பிறகு சில நிமிடம் முழு வேகத்தில், பிறகு இரு பக்கமும் திரும்பி, பின்னோக்கி, அலைக்கு எதிரே, அலையோடு சேர்ந்து என்று ஒவ்வொன்றாக ஓட்ட வேண்டும். கரையை ஒட்டிய ஆழமில்லாத இடத்துக்கு வந்ததும் எல்லோரும் ஒரே பக்கமாக உட்கார்ந்து, விளிம்புக்கும் நீருக்கும் இடையே எத்தனை சாண் மிச்சம் என்று பார்க்க வேண்டும். என்ஜினை நிறுத்திவிட்டு, தரைப்பலகையைத் தூக்கி உள்ளே எவ்வளவு நீர் சேர்ந்திருக்கிறது என்று அளக்க வேண்டும். கடைசியாக, மூட்டைகளோடு ஓர் இரவு கட்டிப்போட்டுவிட்டு விடியற்காலை போய் மறுபடி பார்க்க வேண்டும். பகலில் பொய் சொல்லும் படகுகூட ராத்திரியில் உண்மையைக் கக்கிவிடும்.

கூட யாரை அழைத்துப் போவது என்பதும் முக்கியம். விற்பவர் அழைத்துவரும் மெக்கானிக் விற்பவரின் மெக்கானிக். தனியாக ஒருவருக்குக் கூலி கொடுத்துக் கூட்டிப்போவது வீண் செலவில்லை. அவரைவிடவும் முக்கியமான ஒருவர் உண்டு. படகில் நாளைக்கு வலை இழுக்கப்போகிற, தண்ணீர் இறைக்கப்போகிற கூலியாள்தான் அவர். முதலாளி சுக்கான் பக்கம் நின்று வேகத்தைப் பார்ப்பார். அந்தத் தொழிலாளியின் கண் தரைப்பலகைக்குக் கீழே போகும். அவர் முகம் சுளித்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும்.

படகைச் சோதிக்கும் வழக்கமே உலகத்தில் யாருக்காகத் தொடங்கியது என்று பார்த்தால் இந்தக் கூலியாளின் இடம் விளங்கும். லண்டனில் எட்வர்ட் லாய்ட் நடத்திய காப்பிக்கடையை ஒட்டி வளர்ந்த கப்பல் காப்பீட்டு வியாபாரிகள் 1760-இல் ஒரு சங்கம் அமைத்தார்கள். எந்தக் கப்பல் எந்த நிலையில் இருக்கிறது என்று ஆள்விட்டுப் பார்த்து, எழுத்துகளால் தரம் பிரித்துப் பட்டியல் போட்டார்கள். இன்று பிரியாணிக்கும் பனியனுக்கும் ஒட்டப்படும் 'ஏ ஒன்' என்ற பட்டம் அந்தப் பட்டியலிலிருந்து இறங்கி வந்ததுதான். அந்தச் சோதனை பணம் போட்டவர்களின் பணத்துக்காக நடந்தது. ஏறிப்போகும் மாலுமியின் உயிருக்காக, இதற்கு மேல் சுமை ஏற்றக்கூடாது என்று கப்பலின் பக்கவாட்டில் கட்டாயமாக ஒரு கோடு போடவைக்க இன்னும் ஒரு நூற்றாண்டு ஆயிற்று. சாமுவேல் பிளிம்சால் என்ற பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் கத்தித் தீர்த்து, 1876-இல்தான் அதற்குச் சட்டம் வந்தது. பணத்துக்குக் கிடைத்த பாதுகாப்பு உயிருக்குக் கிடைக்க நூறு வருடம்.

கூலியாளாவது படகைப் பார்த்துவிட்டு ஏறுகிறார். பயணிக்கு அதுவும் இல்லை. டிக்கெட் வாங்கி வரிசையில் நிற்கும் குடும்பம் நாணயத்தால் தட்டிப் பார்த்துவிட்டு ஏற முடியாது. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் ஜலகன்யகா என்ற இரண்டடுக்குச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். ஓட்டத்துக்கு வந்து சில வாரங்களே ஆன புதுப் படகு அது. மேல்தளத்தில் இருந்தவர்கள் கரையில் தென்பட்ட விலங்குகளைப் பார்க்க ஒரு பக்கமாகத் திரண்டார்கள். சுற்றுலாப் படகில் பயணிகள் வேறென்ன செய்வார்கள்? ஒரே பக்கமாக உட்கார்ந்து பார்க்கும் அந்தச் சோதனை எதற்கு என்று யாராவது கேட்டால் தேக்கடி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

2014 ஜனவரி 26 அன்று அந்தமானிலேயே நடந்தது. தலைநகர் போர்ட் பிளேருக்கு எதிரே உள்ள ராஸ் தீவுக்கும் நார்த் பே கரைக்கும் இடையே அக்வா மெரீன் என்ற சுற்றுலாப் படகு மூழ்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலர் காஞ்சிபுரத்திலிருந்து குழுவாகச் சுற்றுலா வந்தவர்கள். அனுமதித்த எண்ணிக்கையைத் தாண்டி ஆட்களை ஏற்றியிருந்தது படகு. ராஸ் தீவுக்கு 2018-இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என்றும், போர்ட் பிளேருக்கு 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்றும் பெயர் மாறிவிட்டது. அந்தக் கடலைக் கடக்கும் படகுகளில் இன்றும் தமிழ்க் குடும்பங்கள் ஏறிக்கொண்டிருக்கின்றன.

2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் 22 பேர் இறந்தார்கள். பாதிக்கு மேல் குழந்தைகள். அந்தப் படகு மீன்பிடிப் படகாகப் பிறந்து உல்லாசப் படகாக மாற்றப்பட்டது. மீன் படகுக்குச் சுமை அடிவயிற்றில். மேல்தளம் கட்டி மனிதர்களை ஏற்றினால் சுமை தலைக்கு ஏறிவிடுகிறது. குட்வில் எஸ்டேட்காரருக்கும் இப்படி ஓர் ஆசை வரலாம். மீன் குறைந்த மாதத்தில் பயணிகளை ஏற்றினால் என்ன என்று தோன்றலாம். தோன்றினால், பழைய சோதனை செல்லாது. உரிமமும் வேறு, சோதனையும் வேறு, ஓட்டமும் முதலிலிருந்து. அப்போது அவர் தட்டும் ஒவ்வொரு தட்டும் அவருக்காக மட்டுமல்ல, தட்டிப் பார்க்க வழியில்லாத யாரோ ஒரு பாட்டிக்கும் அவள் பேத்திக்குமாகச் சேர்த்துத் தட்டுவது.

இதில் விற்கிறவருக்கு நஷ்டம் என்று நினைக்கத் தேவையில்லை. சோதனை ஓட்டம் முடிந்து, இன்ன குறை இருக்கிறது, அதற்கு இவ்வளவு விலை குறைத்தோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால், நாலு மாதம் கழித்து யாரும் வாசலில் வந்து நின்று 'ஏமாத்திட்டீங்களேண்ணே' என்று கத்தமாட்டார்கள். பார்க்காமல் வாங்கிய படகால் உடைந்த உறவுகள்தான் அதிகம். அண்ணன் தம்பி உறவைக் காப்பாற்ற வேண்டும் என்றால் ஓட்டிப் பார்த்து வாங்குவதே வழி. 'உங்க மேல நம்பிக்கை இருக்குண்ணே, ஆனா நாளைக்கு இதுல ஏறப்போறது என் தம்பிங்க' என்று சொன்னால் புரிந்துகொள்ளாத மீனவர் இருக்க மாட்டார். அவருக்கும் கடலில் போன உறவினர் யாராவது இருப்பார்கள்.

சோதனையில் படகு தோற்றுப்போனால்? வாங்க வந்தவர் அச்சாரத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு, தப்பித்தோம் என்று வீட்டுக்குப் போகிறார். அவரைப் பொறுத்தவரை விஷயம் முடிந்துவிட்டது. படகு அங்கேயேதான் கிடக்கிறது. பின்பலகை ஊறியது ஊறியபடி, சாக்பீஸ் வட்டங்களை மட்டும் அடுத்த மழை கழுவிவிடும். சில வாரத்தில் மேலே ஒரு கோட் பெயின்ட் ஏறும். விலை கொஞ்சம் இறங்கும். இறங்கிய விலையைப் பார்த்து வருகிறவர் முதலாமவரைவிடக் கையில் பணம் குறைந்தவராக இருப்பார். மெக்கானிக்குக் கூலி கொடுக்க அவரிடம் பணம் இருக்காது, காத்திருக்க நாளும் இருக்காது. தள்ளிவிடப்பட்ட படகுகள் பெரும்பாலும் அப்படிப்பட்டவர்களைத்தான் போய்ச் சேருகின்றன. எனவே திரும்பிப்போகுமுன் முதலாமவர் செய்ய வேண்டிய வேலை ஒன்று மிச்சமிருக்கிறது. எங்கெங்கே தொப் என்று கேட்டது, இரவில் எத்தனை வாளி நீர் சேர்ந்தது என்று ஒரு தாளில் எழுதி விற்பவர் கையில் கொடுத்துவிட்டு, கரையில் நாலு பேர் காது கேட்கச் சொல்லிவிட்டும் போக வேண்டும். அதைக் கேட்க யாரும் காசு கொடுக்கப்போவதில்லை. விற்பவர் முகமும் கடுக்கும். அடுத்து வாங்கப்போகிறவர் யார் என்று அவருக்குத் தெரியாது. அவருக்காகச் சொல்லிவிட்டுப் போவதையும் குட்வில் என்ற கணக்கில்தான் எழுத வேண்டும்.